எம்ரிஸ் சாயிப்பின் முப்பத்திரண்டாவது தோல்வி

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். பன்னிரண்டுக்குப் பத்து. கோட்டுகால் கடற்கரையில் இதை ஒப்புக்கொள்கிற ஒரே ஆள் நான்தான். என் அண்ணன் ரபேலிடம் கேட்டால், மாதா சொரூபத்தின் முன்னால் நின்று ஜெயித்தோம் என்று சத்தியம் செய்வார். மீன் விற்கிற பெண்களும் ஜெயித்தோம் என்பார்கள். கோயில் அச்சன்கூட இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்கிறார், அதுவும் பிரசங்கத்தில். பத்து எந்தக் காலத்திலும் பன்னிரண்டைவிடப் பெரிதாகாது என்று நான் சொன்னால், "நீ வெளிநாட்டுக்காரி, உனக்குத் தெரியாது" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

வெளிநாட்டுக்காரி என்பது பாதி உண்மை. என் பெயர் லூயிசா. பதினான்கு வருடம் வேல்ஸில் நர்ஸாக இருந்துவிட்டு, மழை பார்த்து அலுத்துப்போய்ப் போன வருடம் ஊர் திரும்பினேன். வேல்ஸ் எங்கே இருக்கிறது என்று இங்கே கேட்பார்கள். இங்கிலாந்துக்குப் பக்கத்தில், ஆனால் இங்கிலாந்து என்று சொன்னால் அடிக்க வருவார்கள் என்பேன். பாறசாலைப் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். நீங்கள் தமிழ்நாடா, கேரளமா என்று யாராவது கேட்டால் அவர்களுக்கும் அதே கோபம்தான் வரும்.

எம்ரிஸ் சாயிப்பை இந்த ஊருக்கு வரவழைத்த பாவமும் என்னுடையதுதான். வெள்ளைக்காரரை இங்கே சாயிப்பு என்பார்கள்.

நான் வேலை பார்த்த எலும்பு வார்டுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் வந்து படுத்தவர் எம்ரிஸ் ப்ரோசர். ஐம்பத்தெட்டு வயது. நின்றால் வாசல் அடைபடும், பேசினால் குரல் பக்கத்துக் கட்டிலுக்கே கேட்காது. அவர் ஊன்றுகோலோடு வார்டுக்குள் நடக்கும்போதெல்லாம் ஒரு கூத்து நடக்கும். ஒரு கிழவர் கையிலிருந்த ஸ்பூனைத் தரையில் போடுவார். அடுத்த கட்டில்காரர் பத்திரிகையைப் போடுவார். ஒருவர் பல்செட்டையே கழற்றிப் போட்டார். எல்லாரும் சிரிப்பார்கள், எம்ரிஸும் சிரிப்பார். அத்தனையையும் குனிந்து பொறுக்கியவள் நான் என்பதால் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று அவரிடமே கேட்டேன்.

சொன்னார். ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம். எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால்தான் புள்ளி. இருபத்தைந்து வயதில் எம்ரிஸ் நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பந்து கைக்கு வந்தது. மைதானத்தில் பாதி தூரம் தனியாக ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டார். கூட்டத்தில் அம்மா இருந்தார். அம்மாவுக்குக் காட்டுவதற்காகப் பந்தை ஒரு கையில் தூக்கினார். மழை. பந்து வழுக்கி விழுந்தது. வேல்ஸ் இரண்டு புள்ளியில் தோற்றது. அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

"முப்பத்துமூன்று வருடம் ஆகிறது" என்றார். "அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்குக் கோயிலில் யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை, கைதவறித்தான். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மூன்றாவதாக நானும் சிரித்தேன்."

அதன்பின் ஆட்டக்காரராக முடியாவிட்டால் பயிற்சியாளராவது ஆவோம் என்று கிளம்பினார். முதலில் ஒரு ரொட்டி ஆலை அணி. அவர்கள் விடியற்காலை வேலைக்காரர்கள், மத்தியானம் ஆடும்போது நின்றபடியே தூங்கினார்கள். பிறகு ஒரு வேதாகமக் கல்லூரி அணி. எதிராளியை இடித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். தீயணைப்பு நிலைய அணிதான் கொஞ்சம் தேறியது. ஜெயிக்கிற நேரத்தில் மணி அடித்தது, அத்தனை பேரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். மொத்தம் முப்பத்தொரு ஆட்டம், முப்பத்தொரு தோல்வி. "ஒன்று போதும் லூயிசா" என்பார். "ஒரே ஒரு ஜெயம். ஊரில் ஆட்கள் என்னைப் பார்த்ததும் கேட்பதற்கு வேறு ஏதாவது ஒன்று வேண்டும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் ஊரில் முழங்காலுக்கு நல்ல எண்ணெய் வைத்தியம் உண்டு, நான் ஊர் திரும்பியதும் வாருங்கள் என்று சொல்லிவைத்தேன். சொன்னபடியே வந்து இறங்கிவிட்டார். விமான நிலையத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"இங்கே அந்தக் கதை யாருக்கும் தெரியாது, இல்லையா? தெரிய வேண்டாம்."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

வைத்தியசாலை கடற்கரையை ஒட்டி இருந்தது. காலையில் எண்ணெய், மத்தியானம் கஞ்சி. நடுவில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எம்ரிஸ் வராந்தாவில் உட்கார்ந்து ரபேல் அண்ணனின் கரமடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரமடி என்றால் கரையில் நின்றே இழுக்கிற பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, வடத்தை இங்கிருந்து இழுப்பார்கள். வரிசையாக நின்று, கடலைப் பார்த்தபடி, பின்னாலேயே நடந்து நடந்து இழுப்பார்கள். மேட்டில் ஒரு ஒற்றைத் தென்னை உண்டு. வரிசையில் கடைசி ஆள் அந்தத் தென்னை மூட்டுக்கு, அதாவது மரத்தடிக்கு, வந்ததும் வடத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடிப்போய், முன்னால் முதல் ஆளாகப் பிடித்துக்கொள்வான். அவன் விட்ட இடத்தில் அடுத்தவன் வந்துசேர்வான். யாரும் சொல்ல வேண்டாம், எண்ண வேண்டாம். தென்னை மூடு வந்தால் கை விடும், கால் ஓடும்.

அண்ணன் மகன் மெல்பினுக்கு இது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. போன ஓணத்துக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், அந்தத் தென்னை மூட்டில் வைத்துவிட்டுக் கடலுக்கு ஓடினான். அவன் அம்மா ரினி இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வடத்தில் யார் கை வைத்தாலும் அவருக்கு ஒரு கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். வழிப்போக்கனாக இருந்தாலும் சரி, போலீஸ்காரனாக இருந்தாலும் சரி. கை வைத்தவன் ஆள்.

நாலாம் நாள் எம்ரிஸ் ஊன்றுகோலை மணலில் குத்திவைத்துவிட்டுப் போய் வடத்தைப் பிடித்தார். பத்து நிமிடம்தான் இழுத்தார். ரபேல் அண்ணன் எட்டு மத்தியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினார்.

"எனக்கு எதற்கு?" என்று எம்ரிஸ் என்னைக் கேட்டார்.

"என்ன சொல்லுகாரு?" என்றார் அண்ணன்.

"எதுக்குன்னு கேக்காரு."

"வடத்துல கை வச்சாருல்லா. அவருக்குள்ளதாக்கும். வாங்கிட்டுப் போவச் சொல்லு."

அந்த எட்டு மத்தியை அவர் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வைத்தியசாலையில் மீன் கூடாது. ஒளித்து வைத்தார், நாறிப்போயிற்று, என்னைத்தான் திட்டினார்கள்.

மறுநாள் எம்ரிஸ் பெட்டியின் அடியிலிருந்து காற்று இறங்கிய ரக்பி பந்தை எடுத்து, சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டு வந்தார். முகம் பளபளவென்றிருந்தது. எண்ணெய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"லூயிசா, நான் முப்பது வருடமாக ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாததை இவர்கள் பிறவியிலேயே செய்கிறார்கள். பின்னால் பார்க்காமலே பின்னால் இருப்பவனை நம்புகிறார்கள். விட்டவன் சும்மா நிற்காமல் ஓடிப்போய் மறுபடி சேர்ந்துகொள்கிறான். இது கரமடி இல்லை. இது ரக்பி."

இப்படித்தான் கோட்டுகாலில் ரக்பி அணி உண்டானது. ஏழு பேர். ரபேல் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது, நானும் ஆடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். தண்ணீர் கொண்டுவரும் வேலையைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம். பயிற்சி கோயில் மைதானத்தில், தினமும் சாயங்காலம். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை, சம்பளம் கிடையாது.

எம்ரிஸ் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கி, மழை, மலை, முன்னோர், தைரியம், தோளோடு தோள் நிற்பது என்று பத்து நிமிடம் போகும். கண் கலங்கிவிடும். முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"மாமி, என்ன சொல்லுகாரு?" என்பான் மெல்பின்.

"ஓடணுமாம்" என்பேன்.

"அதுக்கா இம்பிடு நேரம் கெடந்து பேசுனாரு?"

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கோட்டைத் தாண்டிப் பந்தை வைக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு சேர்த்து, விழுந்து வைக்க வேண்டும். ஒற்றைக் கையால் யாராவது வைத்தால் அந்தப் பூனைக் குரல் இடிமாதிரி மாறும். "ரெண்டு கை! ரெண்டு கை!" இந்த இரண்டு சொல்லைத் தமிழிலேயே கற்றுக்கொண்டார். ஆளுக்கு ஐம்பது தடவை விழ வேண்டும். பையன்களின் நெஞ்செல்லாம் தோல் உரிந்துவிட்டது.

"சாயிப்புக்கு இது ஒரு கிறுக்காக்கும்" என்றான் மெல்பின். "ஒரு கையால வச்சா பந்து என்ன பறந்தா போவும்?"

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவைத்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எதிரணி தேடி வந்தது. நெய்யாற்றின்கரையில் சிபி என்றொருவன் ஜிம் வைத்திருக்கிறான். போனில் ரக்பி பார்த்துப் பார்த்து ஓர் அணி சேர்த்திருந்தான், ஆட எதிராளி கிடைக்காமல் ஒரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தான். எங்கள் பையன்களைப் பார்க்க வந்தவன், அவர்கள் மெலிந்த உடம்பைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

"சேச்சி, நம்முடெ பசங்க ஒவ்வொருத்தனும் நூறு கிலோவாக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அடி ஏதாவது பற்றினால் என்னைக் குற்றம் பறையக்கூடாது."

"உனக்க பசங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றார் ரபேல் அண்ணன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மா கேட்டேன்."

நடுவராகப் பாறசாலை சுந்தரதாஸ் சாரைக் கூப்பிட்டோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் டிரில் மாஸ்டராக இருந்தவர். சர்ச் கமிட்டியில் கணக்குக் கேட்டுக் கேட்டு மூன்று செயலாளர்களை ஓட்டிய ஆள். ரக்பியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் விதிப்புத்தகத்தை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, சிவப்பு மையில் கோடு கிழித்து, வசனம் வசனமாகப் படித்துவிட்டார். அதிலிருந்து பஸ் கண்டக்டரிடம்கூட விதி எண் சொல்லித்தான் பேசினார்.

கோயில் திருநாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எம்ரிஸுக்குப் புதன்கிழமை விமானம். இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அங்கேதான் சனி பிடித்தது. மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால், திருநாளுக்கு வந்த ராட்டினம் நடுவில் நிற்கிறது. கழற்ற வேண்டிய ஆள் சம்பந்தி வீட்டுக்குக் கள்ளிக்காட்டுக்குப் போய்விட்டான். ராட்டினத்தைச் சுற்றி ஆடலாமா என்று சிபி கேட்டான். சுந்தரதாஸ் சார் புத்தகத்தைப் புரட்டி, ராட்டினம் பற்றி ஒன்றும் இல்லை, ஆகவே அனுமதி இல்லை என்றார்.

"கரையில ஆடுவோம். எம்பிடு எடம் கெடக்கு" என்றார் ரபேல் அண்ணன்.

ஊரே கரைக்கு இறங்கியது. அண்ணன் பழைய வடம் ஒன்றை எடுத்துவந்து ஜிம்காரர்கள் பக்கத்துக் கோட்டைப் போட்டார். வடத்தின் ஒரு நுனியைக் கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளத்தில் கட்டினார். மறுநுனியைக் கட்ட ஏதாவது வேண்டுமே. அந்த ஒற்றைத் தென்னையில் கட்டினார். நானும் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை. எம்ரிஸுக்கு வெயில் படாமல் இருக்கட்டும் என்று அந்தத் தென்னை மூட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுக்கொடுத்தேன்.

ஆட்டம் தொடங்கி முதல் ஐந்து நிமிடத்தில் சிபியின் பையன்கள் எங்களை மிதித்துத் துவைத்தார்கள். நூறு கிலோ சும்மா இல்லை. இரண்டு முறை கோட்டைத் தாண்டி வைத்தார்கள், தடவைக்கு ஐந்து புள்ளி. ஒரு முறை நட்டிருந்த கம்பத்துக்கு மேலே உதைத்தும் விட்டார்கள், அதற்கு இரண்டு. பன்னிரண்டு. எங்கள் பையன்களுக்குக் கால்பந்துதான் பழக்கம். எதிராளியைக் கண்டால் பந்தைக் கீழே போட்டு உதைத்தார்கள், அந்த முட்டைப் பந்து ஒரு தடவை சுக்குக் காப்பிக் கடைக்குள் போய் விழுந்தது. எம்ரிஸ் நாற்காலியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பிறகு மணல் எங்களுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. நூறு கிலோ ஆள் மணலில் ஓடினால் பத்து நிமிடம் தாங்குவான். அவர்கள் கணுக்கால் வரை புதைந்து மூச்சு வாங்கினார்கள். எங்கள் பையன்கள் பிறந்ததிலிருந்து இந்த மணலில் ஓடுகிறவர்கள். ஒருவன் கொடுப்பான், கொடுத்துவிட்டு ஓடிச் சுற்றி வருவான், விட்ட இடத்தில் அடுத்தவன் நிற்பான். வலை இழுக்கும்போது போடுகிற "ஏலோ" சத்தத்தைக் கூட்டம் போட ஆரம்பித்தது. வள்ளத்துப் பக்கம் ஒன்று வைத்தோம். வள்ளத்துப் பக்கமே இன்னொன்று. இரண்டு கையாலும், நெஞ்சோடு சேர்த்து. கம்பத்துக்கு உதைத்தது இரண்டும் கடலுக்குப் போயிற்று. பத்து.

சுந்தரதாஸ் சார் கடிகாரத்தைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிடம்.

பந்து மெல்பின் கைக்கு வந்தது. முன்னால் ஆளே இல்லை. தென்னைப் பக்கமாக ஓடினான். ஊர் முழுக்க எழுந்து நின்று கத்தியது. அச்சன் மைக்கில் கத்தினார். எம்ரிஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். நான் ஜெபமாலையைத் தேடினேன், கிடைக்கவில்லை, கைப்பையின் வாரைப் பிடித்து உருட்டினேன்.

மெல்பின் தென்னை மூட்டுக்கு வந்தான்.

கை விட்டது.

கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், பந்தை மெதுவாக, ரொம்ப மரியாதையாக, மணலில் வைத்தான். திரும்பினான். வந்த வேகத்திலேயே கடலைப் பார்த்து ஓடினான். சிபி தன் பையன்களிடம் "மெல்பினை விடாதே" என்று ஆட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் விடவில்லை. மூன்று பேர் மூச்சிரைக்க அவனைத் துரத்திக்கொண்டு கடலுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் இது ஏதோ வெளிநாட்டுத் தந்திரம் என்று நினைத்து நின்றுவிட்டார்கள்.

மெல்பின் முழங்கால் தண்ணீரில் நின்று, குனிந்து, இரண்டு கையாலும் வடத்தைத் தேடினான்.

"எலே!" ரபேல் அண்ணனின் குரல் விழிஞ்ஞம் வரை கேட்டிருக்கும். "வடம் இல்லலே! பந்துலே, மக்கா! பந்து!"

நான் மெல்பினைப் பார்க்கவில்லை. எம்ரிஸைத்தான் பார்த்தேன். அவர் வெள்ளையாகிவிட்டார், ஏற்கெனவே வெள்ளைதான், அதற்கு மேலும் ஆனார். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் யாருமில்லாமல் கிடக்கிற பந்தையே பார்த்தார். அதைப் போட்டுவிட்டுப் போன பையனுக்கு இனி வாழ்நாள் முழுக்க என்ன நடக்கும் என்று அந்தக் கடற்கரையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பின்னால் திரும்பிப் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பாதித் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள், ஆனால் சுந்தரதாஸ் சார் விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

எம்ரிஸ் எழுந்தார். ஊன்றுகோலை எடுக்கவில்லை. அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார், பந்தை எடுத்தார், நெஞ்சோடு சேர்த்தார், வடத்தைத் தாண்டி மரம் சாய்வதுபோல் விழுந்தார். இரண்டு கை.

விசில் ஒலித்தது.

கடற்கரை அதிர்ந்தது. வெடி வெடித்தார்கள். சுந்தரதாஸ் சார் மட்டும் ஒரு கையில் புத்தகத்தோடு ஓடிவந்தார்.

"செல்லாது! செல்லாது! ஆட்டக்காரன் அல்லாத்தவன் பந்தைத் தொடக்கூடாது! புஸ்தகத்துல இருக்கு, சிவப்பு மையில கோடு போட்டிருக்கேன்!"

"என்ன செல்லாது?" ரபேல் அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார். "இந்தக் கரையில வடத்துல ஆரு கை வச்சாலும் அவன் ஆளாக்கும். எனக்க அப்பன் காலத்துல உள்ள வழக்கம். அவரு கை வச்சிட்டாரு."

"அது உங்களுக்க வலைக்குள்ள சட்டம், ரபேலே. இது ரக்பி."

"ரெண்டும் ஒண்ணுதாம்னு சாயிப்பே சொல்லியாச்சு. லூயிசாட்ட கேளும்."

சுந்தரதாஸ் சார் கொஞ்சம் தடுமாறினார். நல்ல மனிதர்தான். ஆனால் புத்தகம் புத்தகம்தான். "எனக்க கையில ஒண்ணும் இல்ல. பன்னெண்டுக்குப் பத்து. ஆட்டம் முடிஞ்சாச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அதற்குள் எம்ரிஸ் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். முழங்கால் போயிற்று என்றுதான் பயந்தேன். குப்புறக் கிடந்தார், தோள் குலுங்கியது. பந்தை எடுக்கப் பார்த்தேன், விடவில்லை. மெதுவாக முகத்தைத் திருப்பினார். வாயெல்லாம் மணல்.

"விழவில்லை, லூயிசா" என்றார். "பார்த்தாயா? விழவில்லை."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினான்கு வருடம் வார்டில் அழாதவள், அத்தனை ஜிம்காரன்கள் முன்னால் அழுதேன்.

அதற்குள் மெல்பின் கடலிலிருந்து சொட்டச் சொட்ட வந்து நின்றான். எல்லாரும் ஜெயித்துவிட்ட நினைப்பில் இருந்தாலும், அவனைப் பார்த்ததும் சிரிப்பு கிளம்பியது. ஒருவன் ஒரு தேங்காய் மட்டையைத் தூக்கி, அவன் முன்னால் மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து ஓடிக் காட்டினான். கூட்டம் கெக்கலித்தது. மெல்பினும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

எம்ரிஸும் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"அந்தக் கதையைச் சொல்லு" என்றார். "எல்லாவற்றையும் சொல்லு. இந்தத் தடவை சுருக்காதே."

அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார், நான் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா, மழை, ஒற்றைக் கை, ஸ்பூன், பாட்டுப் புத்தகம். ஐஸ்காரன்கூட மணி அடிப்பதை நிறுத்தினான்.

மெல்பின் தலையைச் சொறிந்தான்.

"மாமி, ஒண்ணு கேளும். அன்னைக்கு பந்து விழுந்தப்போ அவருக்க பொறத்தால ஒருத்தனும் வரல்லியா?"

கேட்டேன். இந்தக் கேள்வியை முப்பத்துமூன்று வருடத்தில் யாரும் கேட்டதில்லை என்று எம்ரிஸ் முகத்திலேயே தெரிந்தது.

"இல்லை" என்றார். "யாரும் வரவில்லை."

"பின்ன அது அவருக்க குத்தமா?" என்றான் மெல்பின். "நான் விட்டேன், இவரு வந்தாரு. விட்டா ஒருத்தன் வரணும். வராத்தவனுவளப் போயி கேக்கச் சொல்லும்."

அதையும் சொன்னேன். எம்ரிஸ் அந்த ஈரப் பையனின் கழுத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டார். ரபேல் அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பித் திருநாளுக்கு எடுத்துவைத்திருந்த ஒரு முழு நெய்மீனைக் கொண்டுவரச் செய்து, சாயிப்பு மடியில் வைத்தார். கை வைத்தவருக்கு உள்ளது. சிபியும் கூட்டத்தோடு நின்று கைதட்டினான். தான் ஜெயித்ததே அவனுக்கு மறந்துவிட்டது.

புதன்கிழமை எம்ரிஸ் போய்விட்டார். கணக்கில் முப்பத்திரண்டு ஆட்டம், முப்பத்திரண்டு தோல்வி. அதை மாற்ற முடியாது, நான் யாருக்காகவும் மாற்றவும் மாட்டேன்.

போன வாரம் அவர் ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அவர்கள் ஊர் மதுக்கடை. எம்ரிஸ் கதவைத் திறந்து உள்ளே வருகிறார். வழக்கம்போல ஒரு கிழவர் ஸ்பூனைத் தரையில் போடுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். எம்ரிஸ் நிற்கிறார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைக்கிறார். பிறகு இரண்டு எட்டு வைத்து, அந்த ஸ்பூன் மேல் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுகிறார். இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துத் தரையில் அழுத்துகிறார். "ரெண்டு கை!" என்று தமிழில் ஒரு கத்தல். கடையே எழுந்து நிற்கிறது. ஸ்பூனைப் போட்ட கிழவர்தான் முதலில் கைதட்டுகிறார். எம்ரிஸைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது.

ரபேல் அண்ணன் என் போனை வாங்கி ஐந்து தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா பிள்ளே?" என்றார். "செயிச்சாச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.